பட்டியலில் முதல் பெயர்

ஸ்ட்ராஸ்பூர்க்,
செவ்வாய் பிற்பகல்

மதிப்பிற்குரிய மைத்துனர் ஆர்மனுக்கு, தோர்கிரிம் எழுதுவது.

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மலையில் மேயவிட்ட ஆடுகள் எல்லாம் குறைவில்லாமல் இறங்கி வந்திருக்கும் என்றும் நம்புகிறேன். நாம் பேசிக்கொள்ளாமல் இருப்பதால் தொலைபேசியில் அழைக்கவில்லை. கடிதம் எழுதுவது பேசுவதில் சேராது என்பதால் எழுதுகிறேன்.

இந்நேரம் நீ வானொலியில் கேட்டிருப்பாய். உன் மகன் ஸ்டிர்மிர்தான் அதிக வாக்கு வாங்கினான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஐஸ்லாந்தின் நீதிபதி நாற்காலி இனி அவனுக்கு. என் மகள் ஆஸ்தீஸ் ஆறே வாக்கில் பின்தங்கிவிட்டாள். வாழ்த்துகள். இந்த ஒரு சொல்லை எழுதுவதற்குள் பேனாவைப் பலமுறை கீழே வைத்துவிட்டேன். ஏன் என்றால் மச்சான், அந்த வெற்றியை உன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். இருக்கும் ஒரு நாற்காலிக்கு நம் அரசு மூன்று பேரை அனுப்ப வேண்டுமாம், எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் உட்காரும் பேரவை அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்குமாம். பெரிய நாடு என்றால் மூன்று பேரும் மூன்று மூலையிலிருந்து வருவார்கள். நம் நாட்டில் அந்த மூன்றில் இரண்டு பேர் ஒரே கிறிஸ்துமஸ் மேசையில் ஆட்டுக்கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களாக இருந்து தொலைத்தார்கள். பட்டியல் வெளியான மறுநாள் நீ நம் ஊர் நீச்சல் குளத்தில் என்னோடு உட்காரும் நாற்பத்திரண்டு டிகிரி வெந்நீர்த் தொட்டியை விட்டு எழுந்து, முப்பத்தெட்டு டிகிரித் தொட்டிக்குப் போய்ப் பச்சைக் குழந்தைகளோடு உட்கார்ந்துகொண்டாய். உன் தங்கை, என் மனைவி குத்னி உயிரோடு இருந்திருந்தால் நம் இருவர் காதையும் பிடித்து ஒரே தொட்டிக்குள் தள்ளியிருப்பாள். அவள் இல்லை, அதனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

நான் ஆஸ்தீஸுடன் புறப்பட்டபோது விமான நிலையத்திலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "அப்பா, அங்க யார்கிட்டயும் என் பேரைச் சொல்லக் கூடாது. மகள்னு சொல்லக் கூடாது. சிபாரிசுன்னு வாயே திறக்கக் கூடாது." நான், "எனக்கே பாடமா?" என்றேன். நாற்பது வருடம் கிடாக் கண்காட்சியில் நடுவராக இருந்தவன் நான். கிடாவின் முதுகுச் சதையைக் கையால் அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடும்போது, சொந்தக்காரன் கனைத்தால்கூட அரை மதிப்பெண் குறைத்தவன். உனக்கே ஒருமுறை குறைத்திருக்கிறேன், மறந்திருக்க மாட்டாய்.

நேற்று காலை விடுதியில் சாப்பாட்டு மேசையில் உலர்ந்த மீனைப் பிய்த்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். எதிரே போர்ச்சுக்கல் நாட்டுப் பேரவை உறுப்பினர், கிராசா என்ற அம்மாள், கண்ணை அகல விரித்தார்.

"இது என்னங்க, மரப்பட்டையா?"

"மீனுங்க. நல்லா மெல்லணும். அவசரப்பட்டா பல்லு போயிடும்."

அவர் மென்றார். நெடுநேரம் மென்றார். பிறகு, "நாளைக்கு உங்க நாட்டு நீதிபதிக்கு ஓட்டு. மூணு பேரையும் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"எங்க நாட்டுல யாருக்கு யாரைத் தெரியாது?"

"அப்ப நீங்களே சொல்லுங்க, யாரு தேறுவாங்க?"

மச்சான், சத்தியத்தை நான் மீறவில்லை. பெயர் சொல்லவில்லை. மகள் என்று சொல்லவில்லை. "பட்டியல்ல மொதல்ல யாரு பேரு இருக்கோ அவங்கதான்" என்று மட்டும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் கேட்டார், அவருக்கும் சொன்னேன். காபி இயந்திரத்தின் அருகே நின்ற இருவருக்கும் மீனோடு சேர்த்துச் சொன்னேன். ஆஸ்தீஸ், சோல்வேய், ஸ்டிர்மிர். நம் ஊரில் பள்ளி வருகைப் பதிவிலிருந்து தொலைபேசிப் புத்தகம்வரை அப்படித்தானே வரும்? மனிதனை அவனவன் பெயரைக் கொண்டுதானே வரிசைப்படுத்துவோம்?

இன்று வாக்குகளை எண்ணி அறிவித்த பிறகுதான் வாக்குச் சீட்டின் மாதிரி ஒன்றைச் சுவரில் பார்த்தேன். இங்கே பின்னால் வரும் பெயரை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள், அதாவது அப்பன் பெயரை வைத்து! ஸ்டிர்மிர் ஆர்மன்சன் முதலில். ஆஸ்தீஸ் தோர்கிரிம்ஸ்தோத்திர் கடைசியில். உன் மகனுக்காக நீ செய்ததெல்லாம் ஆர்மன் என்று பெயர் வைத்துக்கொண்டு பிறந்தது ஒன்றுதான், அது அவனை உச்சியில் உட்கார வைத்தது. நான் என் பெண்ணுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தேன், பனிப்புயலில் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். கடைசியில் என் பெயரே அவளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. போதாததற்கு நானே ஊரெல்லாம் போய், முதல் பெயருக்குப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் இந்த நாற்காலியை ஏன் விரும்பினாள் என்று உனக்குத் தெரியும். மீன் ஆலையில் வேலை செய்த ஹலினாவை நினைவிருக்கிறதா? அவளுடைய பையனைக் குழந்தைநல அதிகாரிகள் அவளிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். நம் நாட்டு நீதிமன்றங்கள் எல்லாவற்றிலும் தோற்று, கடைசியில் ஆஸ்தீஸ்தான் வக்கீலாக நின்று அவளை இந்த நீதிமன்றத்துக்குக் கூட்டி வந்தாள். ஒரு நாடே தப்பு செய்தது என்று இங்கே தீர்ப்பு எழுதினார்கள். அதற்குள் பையன் வளர்ந்து மீசை முளைத்துவிட்டது. நான் கோபத்தில், "இவ்வளவு தாமதமா கெடச்சு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். "தாமதந்தான் அப்பா. ஆனா இந்தக் கதவும் இல்லன்னா, ஹலினா எங்க போய்த் தட்டியிருப்பா?" என்றாள். நேற்று அந்த விசாரணை மண்டபத்தில் காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். தன் சொந்த நாட்டின் மேலேயே வழக்குப் போட்டுவிட்டு ஒரு மீன் ஆலைக்காரி இங்கே தைரியமாக உட்கார முடிந்திருக்கிறது. இப்போது என் மகள் கால்வாய்க் கரையில் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். நான் செய்த காரியம் அவளுக்கு இன்னும் தெரியாது.

ஸ்டிர்மிர் நல்ல பையன். நேர்மையானவன். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் உண்மை. இனி சண்டை எதற்கு? சனிக்கிழமை காலை பழையபடி நம் தொட்டிக்கு வந்துவிடு. உனக்கும் வீட்டாருக்கும், ஆடுகளுக்கும், மூத்த கிடாவுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல பனிக்காலமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தோற்றவளின் தகப்பன்,
தோர்கிரிம்

பின்குறிப்பு (புதன் மதியம்): நேற்று மாலை உறையை ஒட்டப் போகும்போது ஆஸ்தீஸ் வந்தாள். கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்தாள்.

"யாருப்பா சொன்னது, ஸ்டிர்மிர் ஜெயிச்சுட்டான்னு?"

"அவனுக்குத்தானே அதிக ஓட்டு?"

"அதிகம் போதாது. மொத ஓட்டுல பாதிக்கு மேல வேணும். யாருக்கும் வரல. நாளைக்கு மறுபடியும் ஓட்டு."

"நம்ம ஊர்ல ஜனாதிபதிக்கே ஒரு தடவைதானே ஓட்டு? யாருக்கு அதிகமோ அவர் சாவியை வாங்கிட்டுப் போயிடுவார்."

"அது நம்ம ஊரு. அப்புறம், உங்க மீனைத் தின்னுட்டு யாரும் ஓட்டுப் போடல. பேரவையோட குழு எங்க மூணு பேரையும் உக்கார வச்சு அரை மணி நேரம் துருவி எடுத்துச்சு. அதைப் பார்த்துத்தான் போட்டாங்க. நாளைக்காவது வாயைக் கட்டிக்கிட்டு இருங்க."

கட்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை அந்தப் போர்ச்சுக்கல் அம்மாள் ஓடி வந்து, "உங்க மகன் முன்னாடி இருக்கானே, வாழ்த்துகள்! அப்பான்னா உங்களை மாதிரி இருக்கணும்" என்று கையைக் குலுக்கினார். பாவம், என்னை ஸ்டிர்மிரின் அப்பா என்றே நினைத்துவிட்டார். வாய் திறக்காமல் மீனை மென்றேன்.

மறு வாக்கெடுப்பில் ஆஸ்தீஸ் ஜெயித்துவிட்டாள்.

முதலில் வந்து அவளைக் கட்டிப்பிடித்தவன் உன் மகன்தான். பிறகு என்னிடம் வந்தான். "மாமா, ரெண்டு நாளா இங்க எல்லாரும் நீங்கதான் என் அப்பான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"நீ என்னடா சொன்னே?"

"ஆமான்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் யாராவது வந்திருந்தாங்க, எனக்குத்தான் அப்பா வரல."

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ.

ஆகவே மேலே எழுதிய வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தோற்றவளின் தகப்பன் என்பதையும் அடித்துவிடு. சனிக்கிழமைக்கு அழைத்ததை மட்டும் எடுக்கவில்லை. ஆஸ்தீஸின் பதவிக்காலம் ஒன்பது ஆண்டு, அதுவரை அவள் இங்கேதான் இருப்பாள். எனக்கு இப்போது எழுபத்தெட்டு. உன் மகன் இந்த வாரமே ஊர் திரும்புகிறான், அவனை விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வா. அவனையும் அழைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு டிகிரித் தொட்டிக்கு வந்துவிடு, மச்சான். ஜெயித்தது நான்தான், ஆனால் இனி அந்தத் தொட்டியில் எனக்குப் பேச வேறு ஆள் இல்லை.