'தெரியும்' மாமாவின் வலது கால்

தெரியாது என்பவரோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். 'தெரியும்' என்பவரை என்ன செய்வது? உங்கள் சொந்தத்திலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். வைத்தியர் "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு..." என்று வாயெடுத்ததுமே "தெரியும்" என்று எழுந்துவிடுவார், முன்னாலா பின்னாலா என்று வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்பார். பாதி வழி கேட்டுக்கொண்டு கிளம்பி, யாரோ முன்பின் அறியாதவர் வீட்டுக் கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

எங்கள் பெரியப்பா மகளுடைய நாத்தனாரின் பிள்ளை ஒருவர் உண்டு. ஊர் வைத்த பெயரே 'தெரியும்' மாமா. இவருடைய அப்பாவும் இப்படித்தான். அவருக்காவது காது கேட்காது.

இவருடைய தங்கை வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். லாரிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருநாள் பிரேக்கைக் கழற்றி மாட்டியதில் ஆயில் குழாய்க்குள் காற்றுப் புகுந்து, பெடல் பஞ்சு மூட்டைபோல அமுங்கியது. மதியம் தன் மகளின் வீட்டுச் சாமான்களோடு மலைச் சரிவில் இறங்க வேண்டும். முன்சீட்டில் மகளும் கைக்குழந்தையும்.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே படுத்திருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் தளர்த்துவார். ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். நிப்பிளை மூடி, "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டால் போன காற்று திரும்பி வந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

"மச்சான், நான் சொல்ற வரைக்கும்..."

"தெரியும் மாப்பிள்ளை!"

மிதித்தார். நிப்பிள் திறந்தது. "பிடிங்க, பிடி..." என்பதற்குள் கால் மேலே வந்துவிட்டது.

"எடுத்துட்டீங்களா?"

"நீங்க 'விடு'ன்னு சொல்ல வந்தது தெரியாதா எனக்கு?"

அடுத்த முறை, தெருவில் ரிவர்ஸ் எடுத்த காருக்கு "ஸ்டீயரிங்கை ஒடி, ஒடி!" என்று ஜன்னல் வழியே வழிகாட்டப் போய்க் கால் எழுந்தது. அதற்கடுத்த முறை, குமிழ் வருகிறதா என்று பார்க்கத் தாமே இறங்கி வந்துவிட்டார். லாரிக்காரரின் முழங்கையில் வழிந்த ஆயில் அக்குள் வரைக்கும் போய்விட்டது. மனைவியின் அண்ணன் ஆயிற்றே! வாயில் வந்ததையெல்லாம் தலைக்கு மேலே இருந்த அச்சிடம் சொல்லிக்கொண்டார்.

மனைவி வந்தாள். "ஏங்க, சாமானெல்லாம் கட்டியாச்சு. இன்னுமா முடியல?"

"நீ ஏறி உக்காரு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"அதனாலதான் ஏறச் சொல்றேன்."

ஏறினாள். மிதித்தாள். "விடலாமா?"

"வேண்டாம்."

"இப்போ?"

"ம்... விடு."

நாலு சக்கரமும் இப்படியே முடிந்தது. பெடல் கல்லாக நின்றது. லாரிக்காரர் தெருமுனை இறக்கத்தில் விட்டு மிதித்துப் பார்த்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. சாமான் ஏறியது. மகள் குழந்தையோடு முன்னால் ஏறினாள்.

"பாதிக் காத்தை முன்னாடியே நான் எடுத்து வச்சிட்டேன்மா" என்றார் மாமா தங்கையிடம். பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, சரிவுல சின்ன கியர்ல..."

"தெரியும் மச்சான்!" வண்டி கிளம்பிவிட்டது.

மாமாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "ஒருத்தன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள... என்ன பழக்கம் இது?" என்றார் தங்கையிடம்.

கதை இப்படித்தான் முடியும் என்று உங்களுக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டதா? அப்படியானால் காலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கீழே ஒருவர் படுத்திருக்கிறார்.