வால்சக்கரப் பரணி

வாழ்க அகாஃபியா! டில்லிங்காம் தபால்நிலையத்தின் தனிப்பெரும் வேங்கை, முத்திரைக் கட்டை ஏந்திய முரட்டு வலக்கையள், விமானி உரிமம் பெற்று ஈராண்டாகியும் ஏறிப் பறக்க ஊர்தியற்ற வீராங்கனை, நுழைவாயிலே இல்லாத சக்கரவியூகம் ஒன்றின் எதிரே திகைத்து நின்றாள்.

வங்கி முழங்கியது: "காப்பீடு இருந்தாத்தான் கடன்."

காப்பீட்டு நிறுவனம் முழங்கியது: "அதே ரக விமானத்துல பத்து மணி நேரம் ஓட்டியிருந்தாத்தான் காப்பீடு."

அவள் வாங்க நினைத்த விமானத்துக்கு உடையவன் கஸ்டி, பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சைத் தேய்த்தவன், இடியென முழங்கினான்: "காப்பீடு இல்லாத கை என் விமானத்த ஓட்டாதுடீ!"

சனிக்கிழமை ஆங்கரேஜ் நகரிலிருந்து அதை வாங்க ரொக்கத்தோடு வேறொருவன் வருகிறான். விமானம் கைநழுவினால், சாலையே இல்லாத மீன்பிடி முகாமுக்கு இந்தக் கோடையும் அவள் போகமுடியாது. சால்மன் மீன் அவளுக்காகக் காத்திருக்காது.

வேறு விமானமே இல்லையா எனில், இருந்தது. மாதுளைச் செந்நிறத்தில், மணப்பெண்போல் மினுங்கியபடி, பன்னிரண்டாண்டு கொட்டகையில் துயின்ற ஒன்று. வீராங்கனை அதன் எஞ்சினுக்குள் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி நோக்கினாள். ஓடாத எஞ்சினில் எண்ணெய் மெல்ல வடிந்துவிடும்; மறைப்பிழந்த உலோகத்தை ஈரம் முற்றுகையிடும்; உள்ளே துரு கொடிநாட்டியிருந்தது. கஸ்டியின் விமானமோ ஒட்டுப்போட்ட துணிச்சிறகும் மங்கிய மஞ்சளும் வாலடியில் ஒரு சின்னச் சக்கரமுமாய், தோற்ற படையின் கூடாரம் போலிருந்தாலும், வாரந்தோறும் பறந்தது. அதன் எண்ணெய் வடிகட்டியைச் சால்மனின் வயிற்றைப் போலக் கீறி, மடிப்பு மடிப்பாய் விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும் உலோகத் துகள் ஒன்றுகூட மின்னவில்லை. அக்கணமே அவள் நெஞ்சம் அதனிடம் சரணடைந்தது.

ஆகவே செவ்வாய்க்கிழமை, போர்முரசுபோல் கஸ்டியின் கதவை அறைந்தாள்.

"பத்தே மணி நேரம்டா, கஸ்டி! வால்சக்கர விமானம் எனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சவதான் போன வருஷம் தபால் வண்டிய ஓடைக்குள்ள விட்டியா?"

"அது பனிடா!"

"வானத்துல மட்டும் பனி இருக்காதா? பாரு, இந்தக் காப்பீட்டுல இருக்கறது என் பேரு மட்டும்தான். நான் கூட உக்காந்து யாருக்காச்சும் கத்துக்கொடுத்தா செல்லும். தனியா உன்ன விட்டேன்னு தெரிஞ்சா, எம் பொண்டாட்டி என்னையும் சேத்து வித்துடுவா."

வெற்றிச்சங்கு அவள் செவியில் முழங்கியது.

"இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"என்னையும் சேத்து..."

"அதுக்கு முன்னாடிடா, மண்டு! ஆத்தங்கரைல பாதிப் பேருக்குப் பறக்கக் கத்துக்கொடுத்தவன்தானே நீ?"

கஸ்டியின் வாய், மீன்வலை போல் அகலத் திறந்தது. பிறகு கூலி கேட்டான்: புகைபோட்ட சால்மன், ஒரு வாளி.

நாலு நாள் கஸ்டியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, அவனுடைய காப்பீட்டிலேயே பத்து மணி நேரம் ஓட்டி முடித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்பீடு அவள் பேருக்கு வந்தது; வங்கியும் கடன் கொடுத்தது.