மார்கரெட்டுக்கு விழுந்த மாலை

ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று எங்கள் ஆட்களை நம்பவைப்பதைப் போன்ற கடினமான வேலை வேறில்லை. அவருடைய படத்துக்கு ஒருமுறை மாலை விழுந்துவிட்டால், அவரே நேரில் வந்து நின்றாலும் பயனில்லை. இதில் என் பிழை எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். (வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.)

மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே, கிரான்பர்னையும் தாண்டி இருக்கிறது எங்கள் சிறிய நகரம். அதன் நூலகத்தில் ஒரு வரலாற்று அறை. சுவரில் ஊரின் பெரியவர்கள்: வெண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியவர், கால்பந்து வீரர், தீயணைப்புப் படைத் தலைவர். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்து, இங்கேயே காலமான எங்கள் டொக்டர் பொன்னையாவின் படம் மட்டும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

சுவரில் யார் ஏறலாம் என்று முடிவு செய்பவர் வரலாற்றுச் சங்கத் தலைவி மார்கரெட். எண்பதைத் தாண்டியும் டென்னிஸ் விளையாடுகிறவர். எங்கள் தமிழ்ச் சங்கக் கலைவிழாவுக்கு அவரைப் பிரதம விருந்தினராக அழைத்து, மேடையில் ஊர்ப் பெரியவர்களின் படங்களை வைத்தேன். டொக்டரின் படத்துக்குப் பக்கத்தில் மார்கரெட்டின் படத்தையும் வைத்தேன். (காக்கா பிடிப்பதுதான். நல்ல காரியத்துக்காக.)

காலமானவர்களுக்கு மட்டும் எண்ணி மாலை வாங்கி, அலங்காரப் பொறுப்பிலிருந்த செல்வமணி அன்ரியிடம் கொடுத்துவிட்டு, மார்கரெட்டை வரவேற்க வாசலுக்குப் போனேன். அன்ரிக்கோ மனம் கேட்கவில்லை. டொக்டருக்கு உரிய மாலையை மார்கரெட்டின் படத்துக்குப் போட்டு, பொட்டும் வைத்து, முன்னால் விளக்கும் ஏற்றிவிட்டார். பிறகு நான் கேட்டபோது அமைதியாகச் சொன்னார்: "வெள்ளைக்காரிக்குப் போடாட்டி மரியாதையில்லைப் பிள்ளை. டொக்டர் எங்கட ஆள்தானே, குறை நினைக்கமாட்டார்."

அன்றைய அறிவிப்பாளர் என் கணவர் குகன். மாலையையும் விளக்கையும் பார்த்தார். பிரதம விருந்தினரின் கதிரை காலியாக இருப்பதையும் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "போன கிழமையும் எங்களோட கதைச்சவ" என்று ஒலிவாங்கியில் குரல் தழுதழுக்கச் சொல்லி, எல்லோரையும் எழுந்து ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார்.

நானும் மார்கரெட்டும் உள்ளே நுழைந்தபோது மண்டபம் முழுவதும் தலை குனிந்து நின்றது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் யாருக்காக என்று மார்கரெட் என் காதருகே கேட்டார். உங்களுக்காகத்தான் என்றேன். அது பொய்யில்லை.

அவர் நெஞ்சில் கைவைத்தபடி மேடையை நோக்கி நடந்தார். அப்போதுதான் குகன் தலையை நிமிர்த்தினார். ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை.

"ஐயோ, வாறா."

மண்டபத்தில் எழுந்த சிரிப்பை மார்கரெட் வாழ்த்தொலி என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருடங்களில் இந்த ஊரில் தனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை என்று கண்கலங்கிப் பேசினார். டொக்டரின் படத்துக்கு மேடையிலேயே சம்மதமும் சொன்னார். தன் படத்தையும் அதே மாலையோடு பக்கத்தில் மாட்டும்படி கேட்டுக்கொண்டார். இரண்டையும் நானே மாட்டினேன்.

இப்போது வரலாற்று அறைக்குப் போகும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் எனக்குத் தொலைபேசியில் அனுதாபம் சொல்கிறது. அதோடு விடுவதில்லை. போன கிழமை, புதிதாகக் குடிவந்த ஒரு பெண் மார்கரெட்டுக்காக வருந்திவிட்டு, பக்கத்தில் மாலையில்லாத படத்திலிருக்கும் டொக்டர் புது நோயாளிகளைப் பார்ப்பாரா என்று கேட்டார். நான் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.

குசினிக்குள்ளிருந்து குகனின் குரல் வந்தது: "பார்ப்பார் எண்டு சொல்லும். ஆனா அப்பொயின்ற்மென்ற் மார்கரெட்டிட்டத்தான் எடுக்கோணும்."