மறுபடியும் இரண்டாம் பாகம்

பெருமதிப்பிற்குரிய நூலகக் கேட்டலாக் சீராய்வுக் குழுவினர் சமூகத்துக்கு, அமெரிக்காவில் கேட்டி நகரில் மகன் சபரிநாதன் வீட்டில் இருக்கும் நஞ்சப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் கம்ப்யூட்டரும் நலமாக இருக்க வேண்டும். ‘எங்கள் கேட்டலாக் உங்கள் தேவையைப் பூர்த்தி செய்கிறதா? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். என் சொந்த வார்த்தைகள் தமிழில்தான் இருக்கின்றன, பொறுத்துக்கொள்ளவும். பொள்ளாச்சி மின்வாரியத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் புகார் வாங்கியே பழகியவன் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

உங்களிடம் பவளம் என்ற பெண்ணின் கதையாக ஒரு தமிழ் நாவல் இருக்கிறது, இரண்டு பாகம். அதன் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டலாக்கில் இருக்கிறது, எத்தனை பக்கம் என்று இருக்கிறது, எந்தப் பாகம் என்று மட்டும் இல்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். எனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லி ஹோல்ட் போட்டால் இரண்டாம் பாகம் வருகிறது, திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் இரண்டாம் பாகமே வந்து நிற்கிறது. அதில் முதல் பக்கத்திலேயே பவளம், அண்ணன் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டு கப்பலில் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று யாரைக் கேட்பது? மருமகள் வான்மதியைக் கேட்டேன். “மீட்டிங்ல இருக்கேன் மாமா, ஈவினிங் பாக்கலாமா?” என்றாள். பேத்தி வெண்பாவோ, “தாத்தா, ஜஸ்ட் ரீட் சம்திங் எல்ஸ்” என்கிறாள். காலையில் எல்லோரும் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை இந்த வீட்டில் குரல் கொடுப்பது டிஷ்வாஷர் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் எனக்குப் புத்தகத்தைவிடப் பேச்சுக்குத்தான் ஏக்கம். அதை உங்கள் கேட்டலாக்கில் எந்தத் தலைப்பில் தேடுவது என்று தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை அதே இரண்டாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாவம், அந்த நூலகப் பெண்ணிடம் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “அண்ணே, அது ரெண்டாம் பாகமா? கொஞ்சம் காட்டுங்க.” குத்புதீன் பாய். கீழக்கரைக்காரர், மகள் ஆஃபீஃபா வீட்டோடு வந்து தங்கிவிட்டவர். அவர் எப்போது ஹோல்ட் போட்டாலும் முதல் பாகமே வருகிறதாம். “பவளம் கப்பல் ஏறுனதோட முடிஞ்சு போவுதுண்ணே. ஊருக்குத் திரும்புனாளா இல்லையா, அத மட்டும் சொல்லிருங்க” என்றார். “அண்ணங்கூட என்ன சண்டைன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க பாய்” என்றேன். அன்றிலிருந்து புதன்தோறும் ஜன்னலோர மேசையில் அவர் முன்கதையில் கொஞ்சம் சொல்வார், நான் பின்கதையில் கொஞ்சம் சொல்வேன், நடுவில் அவருடைய முழங்கால் வலி, என் மகனின் கிரீன் கார்டு, யார் வீட்டில் சாம்பாரில் உப்பு குறைவு என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும், பவளம் கப்பலிலேயே காத்துக்கிடப்பாள். வியாழக்கிழமை விடிந்ததுமே எனக்கு அடுத்த புதன் எப்போது வரும் என்று இருக்கிறது.

வயதான இரண்டு பேரை இப்படி ஆளுக்குப் பாதிக் கதையோடு அலைய விடுவது நியாயமா? தயவுசெய்து உடனடியாகத் திருத்தவும். உங்கள் பிள்ளைகுட்டிகள் தீர்க்காயுசாக இருக்கட்டும், அவர்கள் தேடுவது முதல் தடவையிலேயே கையில் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்

பி.கு.: அனுப்பும் முன் இதைப் பாயிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “திருத்திட்டா என்னண்ணே பண்றது?” என்றார். உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். புதன்தோறும் இரண்டு பாகமும் அந்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன. மாற்றி எடுத்துக்கொண்டு போக ஒரு நிமிஷம் ஆகாது. இதுவரை இருவருமே கை நீட்டவில்லை. ஆகவே மேற்கண்ட புகாரை ரத்து செய்துவிட்டு, கேட்டலாக்கை இருக்கிறபடியே விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பவளம் ஊர் திரும்பினாளா என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவரும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.