கோழிக்கூடைக்கு மேலே ஒரு இளவரசி

தையல் தெரிந்தவர்களால் ஊருக்கு ஆபத்து இல்லை. தெரியாதவர்களாலும் இல்லை; அவர்கள் துணியை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போய், பொங்கலுக்குக் கொடுத்ததை உகாதிக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது இரண்டுக்கும் நடுவில் முளைத்திருக்கும் மூன்றாவது ரகத்தை. கடையில் எதைப் பார்த்தாலும், "இதுல இன்னா கீது, வூட்லயே தெச்சிக்கலாம்" என்கிற ரகம். உங்கள் தெருவிலும் ஒருத்தி இருப்பாள். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்பமாட்டேன்.

இவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். துணிக்கடைக்குப் போனால் உடுப்பின் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார்கள்; உள்பக்கத்தைத் திருப்பி, மடிப்பை விரலால் நெருடி, அக்குளைப் பிரித்துப் பார்த்து, விற்கிற பெண் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்து, "கலர்தாம்மா கொஞ்சம் டல்லு" என்று ஒரு பொய்யையும் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு கெட்டிமேளத்துக்குக் காத்திருக்கிறோம். என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் எட்டி எட்டிப் பார்க்கிறாள். தாலியையா பார்த்தாள்? கல்யாணப் பெண்ணின் ரவிக்கை முதுகை. "உள்ள லைனிங்கே குடுக்கலக்கா, ஏமாத்திட்டான்" என்று என் காதில் சொல்லிக்கொண்டே அவள் வீசிய அட்சதை, முன்வரிசையில் இருந்த யாரோ ஒரு பெரியவரின் வழுக்கையில் போய் விழுந்தது.

அவள்தான் சுந்தரி. திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் எங்கள் எதிர்வீடு. புருஷன் ஆதிநாராயணன் ஸ்டேஷன் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், வாயில்லாப் பூச்சி. ஒரே பெண் தரணி, இரண்டாம் வகுப்பு. சுந்தரி நல்லவள்தான், அவள் வைக்கிற மிளகு ரசத்துக்கு நான் அடிமை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்கு சாமி வந்துவிடும். மலையேற்ற ஆள் கிடையாது.

வந்தது பள்ளிக்கூட ஆண்டுவிழா. தரணி வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இளவரசி டான்ஸ். ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சுற்ற வேண்டும். தரணிக்கு ஜோடி சபீனா. இரண்டும் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து, டப்பாச் சோற்றை ஒன்றாகத் தின்று, ஒன்றாகவே அடி வாங்குகிற சிநேகம். சாயங்காலமானால் எங்கள் தெருவில் இரண்டும் கையைப் பிடித்துக்கொண்டு தலை கிறுகிறுக்கும் வரை சுற்றும். விழும், சிரிக்கும், எழுந்து மறுபடி சுற்றும். தரணிக்கு அந்த டான்ஸில் வேறு எதுவும் ஞாபகம் இல்லை. சபீனா கையைப் பிடிக்க வேண்டும், சுற்ற வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆண்டுவிழா.

கவுனைத் திருப்பதியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரேகா டீச்சர் சொல்லி அனுப்பினாள். எல்லா அம்மாக்களும் எடுத்தார்கள். சுந்தரி?

"வாடகையா! எவ பொண்ணோ போட்டு வேர்த்து ஊத்தனத எம்பொண்ணு போடணுமா? நான் இன்னாத்துக்குக் கீறேன்?"

அன்றைக்கே போனில் ஒரு வெள்ளைக்காரி வந்து உட்கார்ந்தாள். அவள் பேசும் பாஷை சுந்தரிக்குத் தெரியாது. அதனால் என்ன? "வாய உடுக்கா, கை பேசுது பாரு" என்றாள். அந்த வெள்ளைக்காரி ஒரு பாட்டு முடிவதற்குள் மலை போல ஒரு கவுனைத் தைத்து, போட்டு, சுற்றியும் காட்டிவிட்டாள். வீடியோவை வேகமாக ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று நான் சொன்னேன். என்னை அவள் பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்கு ரசம் கிடைக்காது என்று புரிந்துபோனது.

முதலில் போனது வீட்டுக் கொசுவலை. கவுனுக்குள் அடுக்கடுக்காக வலை வேண்டுமாம். பிறகு பீரோ திறந்தது. வெளியே வந்தது மெரூன் நிறத்தில் அவளுடைய கூரைப்புடவை. ஆதிநாராயணன் வாயைத் திறந்த ஒரே சமயம் அதுதான்.

"ஏய், அது நம்ம கல்யாணப் பொடவ!"

"கல்யாணம்தான் ஆயிட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு?" என்றாள். கத்தரி ஓடிவிட்டது.

பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்ட நேரத்தில் அளவுக்கு என்ன செய்வது? தரணி இடுப்பும் ஆதிநாராயணன் தொடையும் ஒரே சுற்று என்று கண்டுபிடித்தாள். பாவம் அந்த மனுஷன், கடையைச் சாத்திவிட்டு வந்து, இளவரசியின் மேல்சட்டைக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டு கூடத்தில் கொக்கு மாதிரி நின்றான். அந்த நேரம் பார்த்துத்தானா சிலிண்டர்காரன் வரவேண்டும்? அவன் ஒன்றும் கேட்கவில்லை. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் கட்டுப்போட்ட காலை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். ஜரிகை பார்டர் போட்ட கட்டு புதுசாக வந்திருக்கிறது என்று நினைத்திருப்பான்.

இந்த ரகத்துக்கு ஒரு வேதவாக்கு உண்டு: "வளர்ற புள்ள." ஒன்றாம் வகுப்பில் எடுத்த யூனிபாரம் நாலாம் வகுப்பில்தான் அளவாக இருக்கும், அளவாக வரும்போது சாயம் போயிருக்கும். இளவரசிக்கும் இதே சட்டம்தான். தோளில் ஒரு பிடி கூட, கழுத்தில் ஒரு பிடி கூட, மார்பில் இன்னொரு பிள்ளையை உட்கார வைக்கலாம். மிச்சத்தையெல்லாம் முதுகுப்பக்கம் இழுத்து மடித்து ஊக்கு ஊக்காகக் குத்திவிட்டாள். "காலேஜ் வரைக்கும் போட்டுக்கலாம்" என்றாள். எந்தக் காலேஜில் இளவரசி வேஷத்தில் உள்ளே விடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. ரசம் எனக்கு முக்கியம்.

இனி பெரிய விஷயம். கவுன் கீழே குடை மாதிரி விரிந்து நிற்க வேண்டும். வெள்ளைக்காரி என்னவோ வளையம் வைத்தாள். சுந்தரி சந்தைக்குப் போய்க் கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். புதுக்கூடை, அதில் குறை சொல்லக்கூடாது. உச்சியில் இருந்த ஓட்டையைப் பிள்ளையின் இடுப்பு நுழைகிற அளவுக்கு அறுத்து, விளிம்பில் பஞ்சு சுற்றி, மேல்சட்டையை அதோடு சேர்த்துத் தைத்து, கொசுவலையை மேலே போர்த்தி, அதற்கும் மேலே கூரைப்புடவையைக் கொசுவிக் கொசுவிப் பொருத்தி, ஓரமெல்லாம் ஜமிக்கியை ஒட்டி, கூடத்து நடுவில் நிறுத்தினாள். நின்றது. உள்ளே ஆள் இல்லாமலே நின்றது. எங்கள் ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் ஒடிந்த எலும்பு சேர்ந்து பிள்ளை ஓட ஆரம்பிக்கும். அதே மூங்கிலை வைத்து, ஓடுகிற பிள்ளையை நிறுத்திக் காட்டிய பெருமை சுந்தரிக்கே சேரும்.

அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? தெருவே வந்து பார்த்துக் கன்னத்தில் கைவைத்தது. பச்சையப்பன் தாத்தா திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார். பிள்ளைக்கு இல்லை, கவுனுக்கு.

போட்டுப் பார்த்த அன்றைக்கு சபீனாவும் வந்திருந்தாள். இரண்டும் கையை நீட்டின. இது நீட்டியது, அது நீட்டியது. நடுவில் கூடை. இன்னும் நீட்டின. ம்ஹூம்.

"ம்மா, கை எட்டல."

"கைய நீட்டாத, பார்டர் கசங்கும்."

"சபீனா கைய புடிச்சிக்கினு சுத்தணும்மா..."

"அவ கைய புடிச்சா இன்னா, புடிக்காட்டி இன்னா? கவுன் தெரியுதா, அத பாரு."

தரணி தன் நைனா ஆதிநாராயணனைப் பார்த்தாள். நைனா ஜன்னலைப் பார்த்தான். பெற்றவளுக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி என்ன பேசிவிட முடியும்?

விழா திருப்பதியில், வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில். மற்ற பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிப் போயின. நம் இளவரசி பஸ் படியிலும் நுழையவில்லை, ஆட்டோவிலும் நுழையவில்லை. அங்கே போய்ப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்கிறீர்களா? ஊக்கெல்லாம் வீட்டிலேயே பார்த்துப் பார்த்துக் குத்தியாகிவிட்டதே! மாங்காய் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, பின்னால் பிள்ளையை நிற்கவைத்து, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் ஆதிநாராயணனும் பிடித்துக்கொள்ள, வடமாலப்பேட்டை வழியாக ஊர்வலம் போனோம். வழியில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். தரணி தண்ணீர் கேட்டாள்.

"ஒண்ணுக்கு வந்தா யாருடி கழட்டறது?" என்றாள் சுந்தரி, முன்சீட்டிலிருந்து.

மண்டபத்தில் ரேகா டீச்சர் கூடையை விரலால் தட்டிப் பார்த்தாள். "இதி கோள்ளகம்ப காதா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள், இது கோழிக்கூடைதானே என்று.

"டிசைன் மேடம், டிசைன்" என்றாள் சுந்தரி.

வரிசையில் நிறுத்தினால் இரண்டு பிள்ளைகள் மேடையை விட்டு விழும். அதனால் டீச்சர் தரணியை மேடை ஓரத்தில் தனியாக நிறுத்தினாள். சபீனாவுக்கு ஜோடி இல்லை. "நீ சும்மா கைய தூக்கிக்கினு சுத்து கண்ணு" என்று டீச்சர் அவளிடம் சொன்னாள். வாடகைக்கு எடுத்த நீலக் கவுனில் வலை கிழிந்து தொங்க, சபீனா திரும்பித் திரும்பி ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு போட்டார்கள். பிள்ளைகள் கைகோத்துச் சுற்றின. சபீனா ஒரு கையை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு சுற்றினாள். சுந்தரி முன்வரிசையில் எழுந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் நான். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். யார் காதில் விழுகிறது?

இரண்டாவது சுற்றில் சபீனா வட்டத்தை விட்டு விலகினாள். நேராகத் தரணிக்குப் பின்னால் போய் நின்றாள். ஏதோ புது ஸ்டெப் என்று நினைத்தேன். முதுகில் இருந்த ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள் அந்தக் கெட்டிக்காரி. வளர்ற பிள்ளைக்குத் தைத்த கழுத்து அகலமாகத் திறந்தது. தரணியின் தலை உள்ளே போனது. அப்புறம் கூடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அடியிலிருந்து வெள்ளை ஷிம்மீஸும் நீலப் பள்ளிக்கூட டிராக் பேண்டுமாக எங்கள் தரணி தவழ்ந்து வெளியே வந்தாள். வந்தவள் எழுந்து சபீனாவின் கையைப் பிடித்தாள். சுற்றினார்கள் பாருங்கள்! தெருவில் சுற்றுவது போலவே, தாளம் கீளம் ஒன்றும் இல்லாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டு. மண்டபமே விசிலடித்தது. ரேகா டீச்சரும் கை தட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம் என்ன.

மேடை ஓரத்தில் கவுன் தனியாக நின்றது.

"பாத்தியாக்கா? ஒரு சுருக்கம் கீதா? எப்டி நிக்குது பாரு!" என்றாள் சுந்தரி, போனை விட்டுக் கண் எடுக்காமல்.

"சுந்தரி, புள்ள அதுல இல்லடி."

"கைய தட்டாதக்கா, வீடியோ ஆடுது."

பாட்டு முடிந்து விளக்கு போட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தன. தரணிக்கு மூச்சு வாங்கியது.

"ம்மா, பாத்தியா? நானும் சபீனாவும் சுத்தனோமே, பாத்தியா?"

சுந்தரி பிள்ளையின் ஷிம்மீஸைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். "ம்... பாத்தேனே" என்றாள்.

"காட்டு."

போனைப் பிடுங்கி இரண்டும் தலையைச் சேர்த்துக்கொண்டு பார்த்தன. கவுன் நின்றது. ஜமிக்கி மின்னியது. பார்டரைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டியது. ஓரமாக நீலமாக ஏதோ ஓடி மறைந்தது, அது சபீனா கவுனோ தரணி பேண்டோ தெரியவில்லை. மறுபடி கவுன். தரணி கடைசி வரைக்கும் பொறுமையாகப் பார்த்தாள். போனைத் திருப்பிப் பின்பக்கம் வேறு பார்த்தாள்.

"நான் எங்கம்மா?"

சுந்தரியின் முகம் ஒரு கணம் விழுந்துவிட்டது. சரி, புத்தி வந்துவிட்டது, இனிமேல் பிள்ளையைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். குனிந்தாள். தரணியின் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து ஒரு சாண் வைத்துப் பார்த்தாள்.

"வளர்ற புள்ளன்னு லூசா வெச்சதுதான்க்கா தப்பு" என்றாள் என்னிடம். "அடுத்த வருஷம் புடிப்பா தெச்சிடணும்."

ஐயோ, இப்படியும் ஒரு பெற்றவளா என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். தாராளமாகக் கொட்டுங்கள். உங்களுக்குத்தான் தையலே தெரியாதே, ஊசியில் நூல் கோக்கவே வராதே, உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் போன பிறந்தநாளுக்கு நீங்களே மூச்சுப்பிடித்து ஊதிக் கட்டினீர்களே ஒரு பலூன் வளைவு, அதற்குக் கீழே ரெண்டடுக்குக் கேக்கு, மோட்டுவளையிலிருந்து தொங்கிய நட்சத்திரம், அந்த வீடியோ போனில்தானே இருக்கிறது? ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வேண்டாம். அது ஏதாவது கேட்டுத் தொலைக்கும்.