மத்தியமம், நிஷாதம் ஆகியோர் வருகை தராமை குறித்து

“மேற்படி பாடலில் ஏழு ஸ்வரங்களுள் ஐந்து மட்டுமே பங்கேற்றுள்ளன. ‘ம’, ‘நி’ ஆகிய இரண்டும் விடுபட்டதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.”

மெமோவை ஜுபைர் ரெண்டு தரம் படித்தான். அடி அண்ணாமலை பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பகுதி நேர இசை ஆசிரியராகச் சேர்ந்து எட்டு மாசம். இதுதான் முதல் மெமோ. தலைமையாசிரியை ஆதிலட்சுமி அவனைவிட ஜாஸ்தி பயந்திருந்தார்.

“தம்பி, அந்த ரெண்டையும் எங்க விட்ட?”

“விடலீங்க டீச்சர். இது மோகன ராகம். அதுல அஞ்சுதான்.”

“நீ அஞ்சுன்ற. கவர்மென்ட் ஏழுனு சொல்லுதே.”



அந்த வருஷம் பள்ளிகளில் பாட்டு எழுதும் இயக்கம் வந்திருந்தது. போன வருஷம் காய்கறித் தோட்டம், அதற்கு முந்தின வருஷம் சதுரங்கம். கத்திரிச்செடி காய்ந்ததும் குழந்தைகளைக் கவிஞர்கள் ஆக்குவது என்று மேலிடம் முடிவு செய்தது.

ஜுபைர் நிஜமாகவே சொல்லிக்கொடுத்தான். ஏழாம் வகுப்பைத் தொடையில் தட்டித் தாளம் போடவைத்தான். “எது உங்களுக்குக் கடுப்போ அத எழுதுங்க” என்றான். பரீட்சையைப் பற்றி எழுதுவார்கள் என்று நினைத்தான். சிந்துஜா என்ற பெண் நாலு வரி நீட்டினாள்.

மணி அடிச்சா ஓடுறோம்
கதவு வரைக்கும் ஓடுறோம்
குழாய் இருக்கு வாளி இருக்கு
தண்ணி மட்டும் லீவு

“பாத்ரூமா?”

“ஆமா சார். கேர்ள்ஸ் யாரும் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டோம். குடிச்சா போகணும்ல. இத ஆபீசருங்க முன்னாடி பாடினா தண்ணி விடுவாங்களா சார்?”

“விடுவாங்க” என்று சொல்லிவிட்டான். வாய் சும்மா இருக்கவில்லை. அந்த நாலு வரிக்கு மோகனத்தில் மெட்டுப் போட்டு, பாடவைத்து, இயக்கத்தின் ஆப்பில் ஏற்றினான்.

மெமோ வந்த மூன்றாம் நாள் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் அறிவுச்செல்வன் நேரில் வந்தார். கத்திரிச்செடிக்கும் அவர்தான் ஒருங்கிணைப்பாளர்.

“ஆப்ல ஏழு கட்டம் இருக்கு, ஜுபைர். உங்களோடதுல ரெண்டு சிவப்பு.”

“அந்த ராகத்துல அது வராதுங்க சார்.”

“ஏன் வராது? கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“கூப்பிட்டா அது வேற ராகம் ஆயிடும் சார்.”

“பக்கத்து மாவட்டத்துல ஏழும் பச்சை. அவங்களுக்கு மட்டும் எப்படி வருது?”

“பாட்டோட வரிகளப் படிச்சீங்களா சார்?”

“வரிக்குக் கட்டம் இல்ல.”

கடைசியில் ஆதிலட்சுமி டீச்சர் ஒரு வழி சொன்னார். பாட்டை அப்படியே பாடுவது. முடிந்ததும் ரெண்டு பசங்க தனியாக வந்து ஆளுக்குப் பன்னிரண்டு தடவை ‘ம’, ‘நி’ என்று சொல்லிவிட்டு உட்காருவது. மற்ற ஸ்வரங்கள் சராசரியாகப் பன்னிரண்டு முறை வந்திருந்தன, அதனால் பாரபட்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அறிவுச்செல்வன் அங்கேயே கட்டங்களைப் பச்சையாக்கினார்.

வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயக்கத்தின் மாவட்ட விழா. சிந்துஜா கோஷ்டி பாடியது. “தண்ணி மட்டும் லீவு” வந்தபோது மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பின்னால் ரெண்டு பேர் ‘ம’, ‘நி’ சொன்னார்கள். அதற்கு இன்னும் பலத்த கைதட்டல். சிறப்பு விருந்தினர் எழுந்து, “இந்தப் பாடலை அனைத்துப் பள்ளிகளிலும் பாட ஏற்பாடு செய்யப்படும்” என்றார். முதல் பரிசாக ஒரு வாட்டர் பாட்டில் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் எல்லாப் பள்ளியிலும் அதே பாட்டு. ‘உங்கள் பள்ளிக்கு ஏற்ப வரிகளை மாற்றிக்கொள்ளலாம்’ என்று சுற்றறிக்கை அனுமதி கொடுத்திருந்தது. ஒரு பள்ளிகூட ஒரு வார்த்தை மாற்றவில்லை. மாற்றத் தேவைப்படவில்லை. பெற்றோர்கள் அதை ரிங்டோனாக வைத்தார்கள். தண்ணி பற்றி ஒருத்தரும் ஒரு மனு எழுதவில்லை. ஜுபைரும் எழுதவில்லை. ரிங்டோன் மட்டும் வைத்திருந்தான்.

அப்புறம் யாரோ ஒருவர் மேலே உட்கார்ந்து வரிகளை நிஜமாகவே கேட்டுவிட்டார் போல. அறிவுச்செல்வன் போன் செய்தார்.

“கடைசி வரிய ‘தண்ணி தினமும் வருது’ன்னு மாத்திப் பாட வெச்சு, நாளைக்குள்ள ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க.”

“குழாய சரி பண்ணிட்டீங்களா சார்?”

“அது வேற டிபார்ட்மென்ட். பாட்டுதான் நம்ம டிபார்ட்மென்ட். உங்க வேலை நீட்டிப்பு ஃபைலும் என் டேபிள்லதான் இருக்கு, பாத்துக்கங்க.”

“சரிங்க சார்” என்றான்.

மறுநாள் வகுப்பில் போனைப் பெஞ்சின்மேல் நிற்கவைத்து ரெக்கார்டு பட்டனை அமுக்கினான்.

“புது வரி ஏதோ சொன்னாங்களாமே சார்?” என்றாள் சிந்துஜா.

“தண்ணி தினமும் வருதுன்னு பாடச் சொன்னாங்க.”

“வருதா சார்?”

“இல்ல.”

ஜுபைர் தொடையில் தட்டித் தாளத்தை ஆரம்பித்தான். பிள்ளைகள் பழைய நாலு வரியையே பாடினார்கள். அவன் நிறுத்தவில்லை. பாடி முடித்ததும் ரெக்கார்டை அப்படியே அனுப்பிவிட்டான்.