அமைச்சர் திறந்து வைத்த பாக்டீரியா

உலக வேளாண்மை வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: நெடுங்காட்டு விழாவுக்கு முன், நெடுங்காட்டு விழாவுக்குப் பின். 2008 சம்பா பருவத்தில் அங்கேதான் 'நேனோ நன்மைக் கிருமித் திட்டம்' உதயமானது. அந்தப் பெருமை விவசாயி அஞ்சுகத்தின் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நெல் வயலுக்குக் கிடைத்தது. அதில் குலைநோய் விழுந்திருந்தது ஒரு காரணம். ரோட்டோரம் இருந்ததால் அமைச்சரின் கார் வரப்பு வரைக்கும் வரும் என்பது முக்கியக் காரணம்.

மருந்தைக் கொண்டுவந்தவள் ஆராய்ச்சி மாணவி நந்தினி. கண்ணுக்குத் தெரியாத துகள்மேல் உயிருள்ள நல்ல பாக்டீரியாவை ஏற்றியிருப்பதாகவும், அது நோயை அண்டவிடாது என்றும் சொன்னாள்.

"அப்ப இன்னைக்கே அடிச்சிடலாங்களா? இலையெல்லாம் கருகிட்டு வருது" என்றாள் அஞ்சுகம்.

வேளாண் அதிகாரி வைத்தியலிங்கம் பதறிப்போனார். "என்னம்மா நீங்க! இன்னும் திறந்தே வைக்கல. திறந்து வைக்காத பாக்டீரியா எப்படி வேலை செய்யும்?"

நியாயம்தானே. ரிப்பன் வெட்டாமல் பஸ் நிழற்குடையே நிழல் தராத ஊரில், பாக்டீரியா மட்டும் தன்னிச்சையாக இயங்கலாமா?

அமைச்சரின் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. குலைநோய்க்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. இலையிலிருந்து கதிரின் கழுத்துக்கு ஏறத் தொடங்கியது. கடை மருந்தையாவது அடிக்கிறேன் என்று அஞ்சுகம் கெஞ்சிப் பார்த்தாள். 'மாதிரி வயலில்' ரசாயனம் கூடாது என்று வைத்தியலிங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் காத்திருந்தாள்.

விழா நாளும் வந்தது. ரோட்டின் இருபுறமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டார்கள். அமைச்சர் வரும் வழிக்கு அதுதான் கோலம். மருந்து கலக்க டிரம்மில் பிடித்து வைத்திருந்த வாய்க்கால் தண்ணீரைப் பார்த்ததும் வைத்தியலிங்கத்துக்குக் கடமையுணர்ச்சி பொங்கியது.

"மந்திரி கை படுற தண்ணிய்யா இது. கிருமி இருந்துச்சுன்னா? இதுலயும் நாலு கை அள்ளிப் போடு!"

தடுத்திருக்கக்கூடிய நந்தினியைச் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் கொடுத்துப் பந்தல் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். விஞ்ஞானத்துக்கு அன்று ஒதுக்கப்பட்ட இடம் அது.

கைதட்டலுக்கிடையே அமைச்சர் பாக்டீரியாவை டிரம்மில் ஊற்றி, கையாலேயே ஒரு கலக்குக் கலக்கினார். குப்பென்று நெடி கிளம்பியது.

"இதுதான் நேனோ வாசம் போல" என்று அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். வயல் முழுக்கத் தெளித்தார்கள்.

பொங்கலுக்குக் கதிரெல்லாம் வெளுத்து நின்றது. அவ்வளவும் பதர். டிரம்மில் மிஞ்சிய தண்ணீரைச் சோதித்த நந்தினி கண் கலங்க வந்தாள்.

"ஒண்ணுகூட உயிரோட இல்லக்கா. பிளீச்சிங் பவுடர்லயே எல்லாம் செத்துப்போச்சு."

கூட வந்திருந்த வைத்தியலிங்கம் அசரவில்லை. "ஆனா திட்டம் வெற்றிதாம்மா. அந்தத் தண்ணியில கை வச்ச மந்திரிக்கு ஒரு தும்மல்கூட வரல. ரிப்போர்ட் அனுப்பிட்டேன். அடுத்த வருசமும் உங்க வயலுதான்."

அஞ்சுகம் ஒரு கதிரை உருவி அவர் உள்ளங்கையில் கொட்டினாள். ஊதாமலே பறந்தது.

"நோயும் நல்லாருக்கு, நீங்களும் நல்லாருக்கீங்க. நல்லத மட்டும் தேடிப் பாத்துக் கொன்னுருக்கீங்களே சார், அந்த மருந்துக்கு எப்பங்க திறப்பு விழா?"